காமிராவும் கம்பியும்

படம் பிடிப்பது ஒரு செயல். பிடித்த படத்தைக் காண்பது வேறொரு செயல். புகைப்படக் கலை தோன்றிய நாள்தொட்டு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இவ்விரண்டிற்கும் நடுவே ஓர் இருட்டறை இருந்து வந்தது. காமிராவினுள் ஒளி விழுந்த கணத்திற்கும், அவ்வொளி எழுதிய உருவம் கண்ணுக்குப் புலனாகும் கணத்திற்கும் இடையில் ரசாயனத் திரவங்களும் சிவப்பு விளக்கும் நீர்த் தொட்டியும் உலர்த்தும் கொடியும் நின்றன. படம் சரியாக விழுந்ததா இல்லையா என்பது படம் பிடித்தவருக்கே அப்போது தெரியாது. தெரிய வரும்போது மணமக்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், கிரகணம் விட்டிருக்கும், மறுமுறை எடுப்பதற்குப் பொருள் எதிரே இராது.

இந்த இடைவெளியை நீக்கிய சாதனங்களுள் ஒன்று சாதாரணக் கம்பி. டிஜிட்டல் காமிராவைக் கணிப்பொறியோடு நேரே பிணைத்துப் படம் பிடிக்கும் முறை இன்று ஸ்டூடியோக்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அன்றாட வழக்கமாகி விட்டது. காமிராவின் கண் திறந்து மூடிய சில வினாடிகளில் படம் கணிப்பொறியின் திரையில் பெரிதாக விரிகிறது. அது மட்டுமன்று, கணிப்பொறியின் விசையைத் தட்டினால், யாரும் தொடாமலே காமிரா படம் பிடிக்கிறது. செய்தி கம்பியின் வழியே வருகிறது. கட்டளை அதே கம்பியின் வழியே போகிறது.

ஆங்கிலத்தில் இம்முறைக்கு வழங்கும் பெயர், மாட்டை முளையில் கட்டும் கயிற்றின் பெயரேயாகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் முதலில் நகைப்பை அளித்தது. பிறகு சிந்தனையை அளித்தது. மாட்டுக் கயிற்றைத் தும்பு என்பது நம் வழக்கு. தும்பை விட்டு வாலைப் பிடிப்பவனைப் பற்றி நம் ஊர்களில் சொல்வார்கள். தும்பு என்று ஒன்று இருந்தால் அதன் மறுநுனி எவர் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் உடன் எழுமன்றோ? காமிராவிலிருந்து புறப்படும் கம்பியின் மறுநுனியில் அமர்ந்து படத்தை முதலில் காண்பவர் யார் என்பதை நோக்கிக்கொண்டே இச்சரித்திரத்தைப் பார்ப்போம்.

தொடக்கத்தைக் காமிராவில் தேடுவதைவிடக் கணிப்பொறியில் தேடுவதே பொருத்தம். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், அளவைகளை நிர்ணயிக்கும் தேசிய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் பணியாற்றி வந்தார். அங்கே 'சீயாக்' என்ற கணிப்பொறி 1950 முதல் இயங்கி வந்தது. கூட்டலும் பெருக்கலும் செய்வதற்கென்று அமைந்த அந்த யந்திரத்திற்குக் கண் கொடுத்தால் என்ன ஆகும் என்று கிர்ஷும் அவருடைய தோழர்களும் எண்ணினர். சுழலும் உருளை ஒன்றின்மீது ஒரு புகைப்படத்தைச் சுற்றினர். உருளை சுழலச் சுழல, படத்தின் ஒவ்வொரு சிறு பகுதியிலிருந்தும் திரும்பி வரும் ஒளியை ஓர் ஒளியுணர் கருவி அளந்தது. அளவு எண்ணாகிக் கணிப்பொறியைச் சென்றடைந்தது.

படத்தில் இருந்தது கிர்ஷின் மூன்று மாதக் கைக்குழந்தையின் முகம். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் உள்ள அச்சதுரப் படம் 176 வரிசைகளாகவும், வரிசைக்கு 176 புள்ளிகளாகவும் பகுக்கப்பட்டது; ஆக 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று மட்டுமே அந்த யந்திரம் அறியும். சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களைப் பெறுவதற்காக, ஒளியின் வரம்பை மாற்றி மாற்றி ஒரே படத்தைப் பல தடவை படிக்க வேண்டியதாயிற்று. புள்ளிகளைச் சதுரமாக அமைத்ததற்காகக் கிர்ஷ் தம் முதுமையில் வருந்தினார். வளைகோடுகளைச் சதுரங்களால் காட்ட முயன்றால் ஓரங்கள் படிக்கட்டுப் போல் ஆவது இயல்புதானே. ஆனால் உலகம் அந்தச் சதுரத்தை விடவில்லை.

கிர்ஷ் செய்தது காமிராவால் நேரே எடுத்த படமன்று. பிலிமில் எடுத்துக் கழுவிய படத்தையே அவர் யந்திரத்திற்குக் காட்டினார். இருட்டறை இன்னும் நடுவில்தான் இருந்தது. அதைத் தாண்டியவர்கள், வேறு வழியில்லாமையால் தாண்டினார்கள். செவ்வாய்க் கிரகத்தருகே சென்று பிலிமைக் கழுவி எடுத்து வருவார் யாருமில்லை அன்றோ?

1964 நவம்பர் 28-இல் ஏவப்பட்ட 'மாரினர் 4' என்ற விண்கலம் 1965 ஜூலை மாதத்தின் நடுவில் செவ்வாயை ஒட்டிப் பறந்தது. அதன் காமிரா எடுத்த ஒவ்வொரு படமும் 200 வரிசைகளும் வரிசைக்கு 200 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 64 படிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. எண்கள் கலத்திலிருந்த காந்த நாடாவில் பதிவாகி, பின்னர் 20 கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வானொலி அலைகளாகப் பூமிக்கு வந்தன. வந்த வேகமோ மாட்டுவண்டி வேகம். ஒரு படம் முழுவதும் வந்து சேர 8 மணி நேரத்துக்கு மேலாயிற்று.

கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியியலார்க்கு அத்தனை பொறுமை இல்லை. கலத்தின் நாடாக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. கணிப்பொறி படத்தை உருவாக்கித் தருமுன்பே அவர்கள் எண்களை நீண்ட காகித நாடாக்களில் அச்சிட்டனர். அவற்றை வரிசையாகச் சுவர்ப் பலகையில் பொருத்தினர். இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று வகுத்துக்கொண்டு, குழந்தைகள் கோலத்துக்கு வர்ணம் நிரப்புவதுபோல் வண்ணக்குச்சிகளால் கட்டம் கட்டமாகத் தீட்டினர். அயற்கிரகம் ஒன்றின் அண்மைப் படத்தை மனிதன் முதன்முதல் கண்டது இவ்வாறு கையால் வரைந்த ஓவியமாகவே. அவ்வோவியத்தை இன்றும் அந்த ஆய்வகத்தில் போற்றி வைத்திருக்கிறார்கள். எடுத்த படத்தை உடனே கண்டுவிட வேண்டும் என்ற மனித ஆவலுக்கு இதைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் நிகழ்ந்த மாறுதலில் ஒரு விந்தை உண்டு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர், மின்னூட்டங்களைச் சிறு சிறு கிணறுகளில் தேக்கி, கை மாற்றி வாளி கொடுப்பதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் சிலிக்கன் சில்லு ஒன்றைக் கற்பித்தனர். கணிப்பொறிக்கு நினைவுச் சாதனம் ஒன்று வேண்டும் என்பதே அவர்கள் கருதியது. ஆனால் சிலிக்கனில் ஒளி பட்டால் மின்னூட்டம் பிறக்கும். ஆகவே நினைவுக்கென்று நினைத்தது கண்ணாகிவிட்டது. 2009-இல் இருவரும் பௌதிகத்துக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றது இக்கண்ணுக்காகவே.

இதே கதை சிறிய அளவில் மற்றோரிடத்திலும் நடந்தது. நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது அதுதான். 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய 'ஆல்டேர்' என்னும் கணிப்பொறியைத் தன் முகப்பில் வெளியிட்டது. அதற்கடுத்த பிப்ரவரி இதழில் டெர்ரி வாக்கர், ஹாரி கார்லண்டு, ரோஜர் மெலன் என்ற மூவர், காமிரா ஒன்றைச் செய்துகொள்ளும் முறையை எழுதினர். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரால் அது 'சைக்ளாப்ஸ்' எனப்பட்டது. கணிப்பொறிகளில் நினைவுக்காகப் பயன்படும் சாதாரணச் சில்லு ஒன்றை எடுத்து, அதன் ஒளிபுகா மூடியை நீக்கி, முன்னே ஒரு வில்லையைப் பொருத்தினால் அதுவே காமிரா. சில்லின் நினைவறைகளில் முதலில் மின்னூட்டத்தை நிரப்புவார்கள். ஒளி மிகுதியாக விழும் அறையில் மின்னூட்டம் விரைவில் வடியும். இருளில் உள்ள அறையில் மெல்ல வடியும். எந்த அறை எப்போது காலியாயிற்று என்று திரும்பத் திரும்பப் பார்த்தால் படம் கிடைத்துவிடும்.

அப்படம் 32 வரிசைகளும் வரிசைக்கு 32 புள்ளிகளும் கொண்டது. மொத்தம் 1,024 புள்ளிகள். ஒரு முகத்தை இன்னார் முகம் என்று கூறுவதே கடினம். எனினும் விரைவிலேயே அது ஆல்டேர் கணிப்பொறியோடு பிணைக்கப்பட்டது. கடையில் வாங்கும் சிறு கணிப்பொறியும் டிஜிட்டல் காமிராவும் கம்பியால் கட்டுண்ட வழக்கம் இங்கிருந்து புறப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை.

அதே 1975-ஆம் ஆண்டின் இறுதியில் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியியலார் இன்னொரு காமிராவைச் செய்து முடித்தார். அதன் எடை 3.6 கிலோகிராம், படத்தில் 10,000 புள்ளிகள். படத்தை ஒலிநாடாப் பேழை ஒன்றில் பதிவு செய்ய 23 வினாடிகள் பிடித்தன. அந்நாடாவைத் தனியே வேறொரு கருவியில் இட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க வேண்டும். சாஸனின் பெயர் உலகெங்கும் பரவியது. சைக்ளாப்ஸைச் செய்த மூவரின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. பிரித்துப் பார்த்தால் இவை இரண்டு வழிகள். சாஸன் தம் காமிராவைக் கையில் எடுத்துச் செல்ல விரும்பினார். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். மூவரோ காமிராவை மேசையில் கட்டிப்போட்டனர். படத்தை உடனே கண்டனர். திரிவதற்கு ஒரு காமிரா, நிற்பதற்கு ஒரு காமிரா என்ற இப்பிரிவு இன்றுவரை நீங்கவில்லை.

1991-இல் கோடாக் கம்பெனி பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காக வெளியிட்ட காமிராவில் இவ்விரண்டையும் ஒன்றாக்கும் முயற்சி தெரிகிறது. நிக்கான் எஃப் 3 என்ற புகழ்பெற்ற காமிராவின் பின்புறத்தில் 13 இலட்சம் புள்ளிகள் கொண்ட சில்லைப் பொருத்தினார்கள். படங்களைச் சேமிக்கும் தட்டு காமிராவுக்குள் அடங்கவில்லை. ஆகவே அதை ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியைத் தோளில் தொங்கவிட்டு, காமிராவுக்கும் பெட்டிக்கும் கம்பி இட்டார்கள். கட்டுத்தறியையும் உடன் சுமந்து திரிய வேண்டிய மாட்டின் நிலைமைதான். பெட்டியில் 156 படங்கள் கொள்ளும். சிறு திரை ஒன்றும் உண்டு. விலை ஏறத்தாழ 20,000 டாலர். மூன்றாண்டுகளில் விற்பனையானவை ஆயிரத்துக்கும் குறைவே.

ஸ்டூடியோக்களுக்கென்று அதே காலத்தில் 'லீஃப்' என்ற கம்பெனி செய்த சாதனம் முற்றிலும் நிலைத்து நிற்பது. பெரிய காமிராவின் முதுகில் அதைப் பூட்டி, மக்கின்டோஷ் கணிப்பொறியோடு கம்பியால் பிணைக்க வேண்டும். கம்பியும் கணிப்பொறியும் இல்லாவிடில் அது வெறும் பெட்டி. புள்ளிகள் 40 இலட்சத்துக்கு மேல். ஆனால் நிறம் தெரியாது. ஆதலின் வில்லையின் முன்னே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கண்ணாடிகள் சுழல, ஒரே காட்சியை மூன்று முறை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாக்குவார்கள். மூன்று படங்களுக்கும் நடுவில் எதுவும் அசையக் கூடாது. மனிதர் முகம் அதற்கு ஏற்றதன்று. கைக்கடிகாரங்களும் நகைகளும் ஊறுகாய்ச் சாடிகளும் மட்டுமே அக்காமிராவின் முன் பொறுமையாக நின்றன. விளம்பரப் படம் எடுப்போருக்கு அதுவே போதும். முன்பு அவர்கள் போலராய்டு உடனடித் தாளில் மாதிரி எடுத்துப் பார்த்து, விளக்கை நகர்த்தி, மீண்டும் மாதிரி எடுத்து, இறுதியில் பிலிமில் எடுப்பார்கள். இப்போது மாதிரியே படமாயிற்று. காசு கொடுக்கும் வியாபாரியும் அருகில் நாற்காலி போட்டு அமர்ந்து, சாடியை இன்னும் சற்று இடப்புறம் நகர்த்தச் சொல்லலாயினர். கம்பியின் மறுநுனியில் மற்றொருவர் வந்தமர்ந்ததைப் புகைப்படக்காரர் எல்லாரும் வரவேற்றார்கள் என்று சொல்வதற்கில்லை.

வேடிக்கையான ஒரு கம்பியையும் இங்கே சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஆய்வகத்தில் காபிப் பாத்திரம் ஒரே ஓர் அறையில் இருந்தது. மாடி ஏறி இறங்கி வந்து காலிப் பாத்திரத்தைக் கண்டு அலுத்தவர்கள், 1991-இல் அதை நோக்கி ஒரு காமிராவை நிறுத்திக் கணிப்பொறியோடு இணைத்தனர். நிமிடத்துக்குச் சில முறை பாத்திரத்தின் படம் அனைவர் திரையிலும் தோன்றியது. 1993-இல் அப்படம் உலகெங்குமுள்ள கணிப்பொறிகளுக்கும் எட்டியது. 2001 ஆகஸ்டு 22-இல் காமிரா நிறுத்தப்பட்டது. பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுனுக்குப் போயிற்று. கும்பகோணம் காபி குடித்து வளர்ந்த நம்மவர்க்கு அதில் இருந்தது காபிதானா என்ற ஐயம் எழலாம். அது வேறு விஷயம்.

பொதுமக்கள் கைக்கு டிஜிட்டல் காமிரா வந்தது இதற்குப் பிறகே. 1994-இல் ஆப்பிள் கம்பெனியின் 'குயிக்டேக்' வெளிவந்தது. அதில் எடுத்த படத்தைக் காமிராவில் காண வழியில்லை. வீட்டுக்கு வந்து கம்பியால் கணிப்பொறியோடு இணைத்த பிறகுதான் எட்டுப் படங்களையும் பார்க்கலாம். இருட்டறை போய்க் கம்பியறை வந்ததுபோலாயிற்று. 1995-இல் ஜப்பானிய காசியோ கம்பெனியின் காமிரா விற்பனைக்கு வந்ததும் இக்குறை தீர்ந்தது. அதன் முதுகில் 1.8 அங்குலத் திரை ஒன்று இருந்தது. எடுத்தவுடன் அங்கேயே பார்க்கலாம். பின்னர் வந்த காமிராக்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றின. படங்களைச் சேமிக்கச் சிறிய அட்டைகளும் வந்துவிட்டன.

இனிக் கம்பிக்கு வேலையில்லை என்று எவரும் எண்ணியிருப்பர். அவ்வாறு நேரவில்லை. சிறு திரையில் எல்லாப் படமும் தெளிவாகவே தோன்றும். கண்ணிமை சற்று மங்கியிருப்பதும், எழுத்தின் சுழி கலங்கியிருப்பதும் பெரிய திரையில்தான் வெளிப்படும். மறுமுறை எடுக்க வாய்ப்பில்லாத பொருளை எடுப்பவர்கள் கம்பியை விடாததற்கு இதுவே காரணம்.

ஆனால் பழைய கம்பி மிக மெதுவானது. வினாடிக்கு 57,600 துணுக்குகள் கடத்தும் இணைப்பில் 5 இலட்சம் எழுத்தளவுள்ள ஒரு படம் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். 1996-இல் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. என்ற பொது இணைப்பு இத்தடையை நீக்கத் தொடங்கியது. இதை வகுத்தவர்களுள் முன்னின்றவர் பரோடாவில் பொறியியல் பயின்று அமெரிக்காவில் இண்டெல் கம்பெனியில் பணியாற்றிய அஜய் பட் என்னும் நம் நாட்டவர். 2000-இல் வந்த இதன் இரண்டாம் வடிவம் வினாடிக்கு 48 கோடித் துணுக்குகள் வரை கடத்தும். காமிராவும் கணிப்பொறியும் எந்தக் கம்பெனியினுடையவாயினும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளும் அதே ஆண்டில் வெளியாயின. படத்தைக் கொடு என்பது மட்டுமின்றிப் படத்தை எடு என்பதும் அவ்விதிகளில் உள்ள கட்டளைகளுள் ஒன்று. இந்த யு.எஸ்.பி. இரண்டாம் வடிவக் கம்பியின் நீளத்துக்கு 5 மீட்டர் என்ற வரம்பு உண்டு. அதற்குள்ளேதான் புகைப்படக்காரர் உலவ வேண்டும். யாரும் தடுக்கி விழாதிருக்கச் செம்மஞ்சள் நிறக் கம்பியை வாங்குகிறார்கள். செருகுமிடம் நழுவாதிருக்க முடிச்சிட்டும் ஒட்டுநாடா ஒட்டியும் வைக்கிறார்கள். கம்பியில்லா இணைப்புகள் வந்த பின்பும், வேகத்தையும் நம்பகத்தையும் கருதிப் பலர் அதை விடவில்லை.

நம் நாட்டில் இம்முறையின் பயனை முதலில் உணர்ந்தவர்களுள் வானநூலார் தலையானவர்கள். கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம், விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டை மட்டுமே பதிவு செய்யும். சிலிக்கன் சில்லோ பாதிக்கு மேல் பற்றிக்கொள்ளும். மங்கிய விண்மீனைத் தேடுவோர்க்கு இவ்வேறுபாடு புதிய தொலைநோக்கி ஒன்றை வாங்கியதற்குச் சமம். 1976-லேயே அமெரிக்காவின் அரிசோனாவில் இத்தகைய சில்லைத் தொலைநோக்கியில் பொருத்திக் கிரகங்களைப் படமெடுத்தனர். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட, வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கிக்கும் பின்னர் இக்கண் வாய்த்தது. இரவு முழுவதும் குளிரில் குழலருகே நின்று தகட்டை மாற்றிய தலைமுறை, கணிப்பொறித் திரையின் முன் அமரும் தலைமுறைக்கு அங்கே இடங்கொடுத்தது.

கம்பியின் நீளம் எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கு லடாக்கிலுள்ள ஹான்லே ஓர் எடுத்துக்காட்டு. கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் மலைப் பாலைவனத்தில், இந்திய வானியற்பியல் நிலையத்தார் 2 மீட்டர்த் தொலைநோக்கி ஒன்றை அமைத்தனர். 2000-இல் அது முதன்முதல் விண்மீனொளியைக் கண்டது. நம் சந்திரசேகரின் நினைவாக அதற்கு இமாலயச் சந்திரா தொலைநோக்கி என்று பெயர். பெங்களூரை அடுத்த ஹோசக்கோட்டையில் இருந்துகொண்டே, செயற்கைக்கோள் வழியாக, அதைத் திருப்புகிறார்கள், காமிராவைத் திறந்து மூடுகிறார்கள், படத்தைப் பெறுகிறார்கள். வேட்டி கட்டும் வெப்பத்தில் ஒருவர் விசையைத் தட்ட, உறைபனியில் காமிரா கண் திறக்கிறது. இங்கே கம்பி இல்லை. ஆனால் தும்பு உண்டு.

நம் மனத்துக்கு இன்னும் அணுக்கமானது ஓலைச்சுவடிகளைப் படமெடுக்கும் பணி. 2003-இல் மத்திய அரசு கையெழுத்துச் சுவடிகளுக்கென்று தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முதலியவற்றில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடியைப் படமெடுப்பது நகையைப் படமெடுப்பது போன்றதன்று. ஓலை முறியும் தன்மையது, பூச்சி அரித்தது, கயிற்றிலிருந்து கழற்றும்போதே விளிம்பு உதிரும். தூசு நீக்கி, எண்ணெய் தடவி, எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரி பூசித் துடைத்து, பிறகே காமிராவின் கீழ் வைப்பார்கள். காமிரா மேலிருந்து கீழ் நோக்கி ஒரு தாங்கியில் நிற்கும், இருபுறமும் விளக்குகள், ஓலையருகே அளவுகோலும் நிற அட்டையும், காமிராவிலிருந்து கம்பி கணிப்பொறிக்கு.

ஓர் ஓலையை இரண்டாம் முறை கையால் தொடுவதே அதற்குத் தீங்கு. ஆகையால் படம் சரியா என்று ஓலை காமிராவின் கீழ் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பழைய ஏடுகளில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. காணும் புள்ளி பெரும்பாலும் பூச்சி வைத்த புள்ளியே! கீறல் எது, எழுத்து எது, துளை எது என்பதைப் பெரிய திரையில் உருப்பெருக்கிப் பார்த்து, விளக்கின் சாய்வைச் சற்றே மாற்றி மறுபடி எடுத்தால், அதுவரை இருண்டிருந்த ஓர் எழுத்து துலங்குவது உண்டு. பின்னாளில் அச்சுவடி செல்லரித்துப் போகுமானால் ஆராய்ச்சியாளர்க்கு எஞ்சுவது அந்தப் படம் ஒன்றே. கம்பியின் மறுநுனியில் தமிழறிந்தவர் ஒருவர் அமர்ந்திருக்கிறாரா, அல்லது எண்ணிக்கையை முடிக்க வந்த கூலிப் பணியாளர் அமர்ந்திருக்கிறாரா என்பதில் எவ்வளவு பெரிய பேதம் இருக்கிறது!

ஓலைக்குப் பொருந்துவது ஆளுக்கும் பொருந்தும். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் பையில் முன்பு எப்போதும் ஒரு டஜன் பாஸ்போர்ட்டு அளவுப் படங்கள் இருக்கும். ரேஷன் அட்டைக்கு ஒன்று, பாங்குக் கணக்குக்கு இரண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. அப்படம் நாம் தேர்ந்தெடுத்த படம். தலைவாரி, கோட்டு அணிந்து, பிடிக்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லி, ஸ்டூடியோக்காரர் பென்சிலால் தழும்பை மறைத்துத் தந்த படம். அலுவலகம் நம் கையிலிருந்து அதை வாங்கி ஒட்டிக்கொண்டது.

2010 செப்டம்பர் 29-இல் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் எண்ணிக்கை நூறு கோடியை எட்டியது. மனித வரலாற்றில் கணிப்பொறியோடு பிணைந்த காமிராவின் முன் இத்தனை முகங்கள் வேறெதற்காகவும் அமர்ந்திருக்க மாட்டா என்பது நம் துணிபு. பின்னே வெண்திரை, எதிரே காமிரா, பத்து விரல்களின் ரேகைக்கு ஒரு கருவி, கருவிழிக்கு ஒரு கருவி. படம் நம் கைக்கு வருவதேயில்லை. கம்பி வழியே நேரே பதிவேட்டுக்குச் செல்கிறது. பாஸ்போர்ட்டு சேவை மையங்களிலும் இதே ஏற்பாடுதான்.

இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஆதார்ப் பதிவுக்கான சாதனங்களில் இரண்டாவது திரை ஒன்றையும் சேர்த்தார்கள். முதல் திரை பணியாளர்க்கு. இரண்டாவது, எதிரே அமர்ந்திருப்பவர்க்கு. தம் முகமும் பெயரும் முகவரியும் சரியா என்று அவரே பார்த்துச் சொல்வதற்காக அது அவர்பால் திரும்பியிருக்க வேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இத்திரை மற்றவரைவிட ஒரு படி அதிகம் வேண்டியது. அவர் பெயர் அங்கே ஆங்கிலத்தோடு அவ்விடத்து மொழியிலும் எழுதப்படுகிறது. தந்தையின் பெயரின் முதலெழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது பணியாளர்க்குத் தெரியாது. 'ழ'கரத்துக்கு அவர் எழுத்தில் பெரும்பாலும் இடமில்லை. நெரிசல் மிகுந்த நாட்களில் அத்திரையை ஒருவரும் நோக்காமலே வேலை முடிவதும் உண்டு. கண் பாதி மூடிய படமும் மாறிய பெயரும் அன்றே திருத்தக் கூடியவை. பின்னர் திருத்துவதாயின், படத்தைத் தபாலில் அனுப்பி மாற்ற முடியாது, ஒரு நாள் கூலியை விட்டு நேரில் சென்று மீண்டும் அமர வேண்டும்.

பாஸ்போர்ட்டு மையங்களில் மிகச் சிறு குழந்தைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அவர்களை அங்கே படமெடுப்பதில்லை. வெள்ளைப் பின்புலத்தில் எடுத்த படத்தைப் பெற்றோரே கொண்டுவர வேண்டும். அதற்காகக் கைக்குழந்தையுடன் தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். அங்கேயும் காமிராவிலிருந்து ஒரு கம்பி கணிப்பொறிக்குப் போகிறது. ஸ்டூடியோக்காரர் திரையைத் தாயின் பக்கம் திருப்புகிறார். குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று எடுங்கள் என்கிறாள் அவள். அவர் எடுக்கிறார்.